நிழல் யாருக்கு? வெயிலோடு வாழ்ந்த நம் புதுச்சேரி வீடுகள்



போன வாரம் ஒரு ராத்திரி பதினோரு மணிவாக்கில் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. அக்னி நட்சத்திர நாட்கள். கால் மணி நேரம் விசிறியால் வீசிப் பார்த்தோம். தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிலர், கைலியோடு சிலர் என எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம். வந்த பிறகுதான் தெரிந்தது, உட்கார ஓர் இடம் இல்லை. எந்த வீட்டைப் பார்த்தாலும் இரும்புக் கேட், கார் ஏறும் சரிவு, அதையடுத்துச் சாக்கடை. எண்பது வயதைத் தாண்டிய எதிர்வீட்டுப் பெரியம்மா, நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தார்.

"ஏம்மா டீச்சரு, உங்க வூட்ல முன்னல்லாம் எம்மாம் பெரிய திண்ணை இருந்திச்சி!" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் திண்ணையை இடிக்கலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அன்று ராத்திரி முழுக்க யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வகுப்பில் கேட்பது போல ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். மின்விசிறியும் ஏ.சி.யும் வருவதற்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் இந்த வெயிலை எப்படித் தாங்கினார்கள்? "அப்போ இவ்வளவு வெயில் இல்லை டீச்சர்" என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனாலும் நம் ஊர் என்றைக்குமே குளிர்ந்த ஊராக இருந்ததில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கிறோம். மார்கழி, தை மாதத்துப் பகலிலும் ஸ்வெட்டர் தேடுகிற ஆள் இங்கே இல்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. போதாததற்குக் கடலோர ஈரப்பதம். உள்நாட்டு வெயிலில் வேர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். இங்கே வேர்வை காயாது. அதைக் காய வைக்கக் காற்று வேண்டும். ஆகவே நம் ஊரில் வெயிலைச் சமாளிப்பது என்றால் இரண்டு வேலை: வெயிலை உள்ளே விடக்கூடாது, காற்றை வெளியே நிறுத்தக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கஷ்டம். நம் பழைய வீடுகள் அதைச் செய்தன.

காற்றுக்கு நம் முன்னோர் திசைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. நம் ஊரில் வைகாசிப் பகலின் கதையே கோடைக்கும் கொண்டலுக்கும் நடக்கும் சண்டைதான். காலையில் மேற்கேயிருந்து நிலக்காற்று அனலாக வீசும். நிலம் சூடேறிய பின் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். கோடைக்காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று வரத் தாமதமாகும். அன்றைக்குத்தான் நாம் வெந்துபோவோம். "இன்னிக்கி கடக்காத்து இன்னும் வர்ல" என்று எங்கள் பாட்டி வாசலில் நின்று சொல்வது இப்போதும் காதில் கேட்கிறது.

தெருவிலிருந்தே தொடங்கிய நிழல்

நம் நகரத்தின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்கள்தான் போட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தார்கள். சதுரங்கக் கட்டம் போன்ற இந்தத் தெரு அமைப்பு அவர்கள் போட்ட வரைபடத்திலேயே இருக்கிறது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கட்டடங்களை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் பழைய தெருக் கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களுக்கு எதிரே கடல். மதியம் வரும் கொண்டல் அந்தத் தெருக்களின் வழியே ஊருக்குள் நுழைய வழி இருந்தது.

அந்தத் தெருக்களில் தமிழர் பகுதி வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகவோ நெருங்கியோ இருக்கும். அதனால் பக்கச் சுவரில் வெயில் படாது. வெயிலுக்கு முகம் கொடுப்பது கூரையும் வாசலும் கொல்லையும் மட்டுமே. குறுகலான முகப்பு, நீண்ட உடம்பு. முதலில் தெருவை ஒட்டி மரத்தூண்கள் மேல் இறக்கிய ஓட்டுச்சாய்ப்பு. அதைத் தாழ்வாரம் என்போம். அதற்கு உள்ளே, வாசலின் இரண்டு பக்கமும் திண்ணை. பிறகு ரேழி, முற்றம், கூடம், அடுப்படி, கொல்லை. வாசற்படியில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். அந்த நேர்கோடு காற்றுக்காகப் போட்டது. முற்றத்தின் மேலே சூடான காற்று ஏறிப்போகும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கமிருந்து புதுக்காற்று வரும். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் 'வெப்பச்சலனம்' நடத்தும்போது கரும்பலகையில் நான் வரைந்தது கெட்டிலை அல்ல, எங்கள் வீட்டு முற்றத்தை.

வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளையர் பகுதியில், வேறு கணக்கு. அங்கேயும் வெயிலுக்கு நல்ல விடை கண்டார்கள். உயரமான கூரை, கனமான சுவர், சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த நெடிய ஜன்னல் கதவுகள், தோட்டத்தைப் பார்த்த தூண் வரிசை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே தெருப் பக்கம் இருப்பது உயர்ந்த மதில். நிழல் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. தமிழர் தெருவில் நிழல் வீட்டுக்கு வெளியே, தெருவோரத்தில், முன் பின் தெரியாதவருக்கும் எட்டும்படி இருந்தது. மதிய வெயிலில் தலையில் கூடையோடு வருகிற கீரைக்காரம்மா கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிட்டுப் போவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டும் கலந்த வீடுகளும் இங்கே உண்டு. கீழே திண்ணையும் தாழ்வாரமும், மேலே பிரெஞ்சுப் பாணி வளைவு ஜன்னலும் தூணும். வைசியாள் வீதியில் (கால்வே சுப்பராய செட்டியார் வீதி) இப்படிப்பட்ட முகப்புகளை இன்றும் வரிசையாகப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து அந்தத் தெருவைச் சீர்செய்தன. 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்தது. அந்த வழியாகப் போனால் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். படம் எடுப்பது இருக்கட்டும், தாழ்வாரத்தின் கீழே ஐந்து நிமிடம் நில்லுங்கள். புரியும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. திண்ணையை நான் அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் அது பொய்யாகிவிடும். எல்லா சாதியாரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார்ந்துவிடவில்லை. தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போனவர்களை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பகலில் திண்ணை ஆண்களுடையது. பாட்டி விளக்கு வைத்த பிறகுதான் அங்கே வந்து உட்காருவார். அதற்கு முன் அவருக்கு வாய்த்தது விறகடுப்பின் அனல். காற்றும் நிழலும் வீட்டுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வாகத்தான் பங்கிடப்பட்டன.

மெத்தை கடல் கடந்த கதை

திண்ணைக்கு அடுத்து நம் ஊரின் பெரிய சொத்து, மெத்தை. மெத்தை வீடு என்றால் மாடி வீடு என்று இப்போது சொல்கிறோம். அந்தத் தளம் எப்படிப் போடப்பட்டது தெரியுமா? தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள். மெல்லிய சிறு செங்கல்லைக் குத்துக்கு நிறுத்தி, குறுக்குச் சாய்வாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அது இறுகிய பின் உடைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து மேலே கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரத்தட்டியால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டோடு. சுண்ணாம்பும் கடற்கரை ஊருக்கு ஏற்ற கிளிஞ்சல் சுண்ணாம்பு. வெளியூர்க்காரர்கள் இந்தத் தளத்தை 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள்.

பல அடுக்கு இருப்பதால் மேலே அடிக்கிற வெயில் கீழே இறங்க வெகுநேரம் ஆகும். இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கடற்காற்று வந்து மேல்தளத்தைத் தணித்துவிடும். நாம் இன்று போடுவது நாலைந்து அங்குலக் கான்கிரீட். மதியம் வாங்கிய வெயிலை நாம் பாய் விரிக்கிற நேரத்துக்குச் சரியாகத் தலைக்கு மேல் இறக்குகிறது.

இந்த மெத்தை நம் ஊரோடு நிற்கவில்லை. 1735இல் மொரீஷியஸ் தீவுக்கு (அன்று அதற்கு 'பிரான்ஸ் தீவு' என்று பெயர்) ஆளுநராகப் போன மாஹே தெ லா பூர்தொனே, போர் லூயி துறைமுக நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். பக்கத்துத் தீவான ரெயூனியோனுக்கும் (அன்று பூர்போன் தீவு) நம் ஊர்க் கட்டடக் கலை போனது. அங்கே இந்தச் சுண்ணாம்புத் தளத்துக்கு 'அர்கமாஸ்' என்று பெயர். சாந்து என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தையும் அப்படியே போட்டார்கள். வீட்டின் முன்னால் இருக்கும் நிழல் கூடத்தை அங்கே 'வராங்' என்கிறார்கள். நாம் சொல்லும் வராந்தாவும் அதுவும் ஒரே தாய் வயிற்றுச் சொற்கள்.

ரெயூனியோன் தீவின் மேற்குக் கரைப் பக்கம், சேன் ழில் மேட்டில், வில்லேல் என்ற இடத்தில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. பனோன் தெபாசேன் குடும்பத்தார் 1780களின் கடைசியில் கட்டியது. இன்று அருங்காட்சியகம். மற்றத் தோட்ட முதலாளிகளின் வீடுகள் போல் சாய்வுக் கூரை இல்லாமல், தட்டையான அர்கமாஸ் மெத்தையோடு இருக்கும் இதைப் புதுச்சேரிப் பாணி வீடு என்றே அங்கே அறிமுகப்படுத்துகிறார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எழேன் தெபாசேன் தெ ரிஷ்மோன்தான் 1826 முதல் 1828 வரை நம் ஊரை ஆண்டவர். நம் தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கியது அவர் காலத்தில். 1827இல் தொடங்கி இன்று ரொமேன் ரோலன் பெயரில் இருக்கும் நூலகமும் அவர் காலத்ததே. நம் ஊர் மெத்தை தீவுக்குப் போனது; அந்தத் தீவுக் குடும்பத்து மனிதர் நம் ஊருக்கு ஒரு நிழல் தோட்டம் தந்தார். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் அந்தக் குளிர்ந்த மெத்தையின் கீழே யார் தூங்கினார்கள் என்று கேட்காமல் வரலாறு முடியாது. அது அடிமைகளை வைத்து நடந்த தோட்டம். காப்பி, பருத்தி, பிறகு கரும்பு. வெயிலில் வெட்டியவர்கள் வேறு, மெத்தைக்குக் கீழே படுத்தவர்கள் வேறு. 1848 டிசம்பர் 20இல் ரெயூனியோனில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே! 1860இல் பிரெஞ்சு, ஆங்கில அரசுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம் மாவட்டத்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை 'கல்பனோன்' என்ற வரிசைக் கொட்டடிகள். தாத்தா காலத்தில் தமிழ்க் கொத்தன் கற்றுக்கொடுத்த குளிர்ந்த வீடு தோட்ட முதலாளிக்கு. பேரன் காலத்தில் கப்பலேறிய தமிழ்க் கூலிக்குக் கொட்டடி. வெயில் இருவருக்கும் ஒன்று.

பங்கா இழுத்தவர், ஆலைக்குள் நின்றவர்

அதே கதை இங்கேயும் நடந்தது. கூரையிலிருந்து நீளமான துணிச் சட்டத்தைத் தொங்கவிட்டு, கயிற்றால் இழுத்து அசைக்கும் பங்காவைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் ஐரோப்பியர் வாழ்ந்த ஊர்களிலெல்லாம் அது இருந்தது. கயிற்றின் மறுமுனை சுவர் ஓட்டை வழியே வெளியே போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே வீசும் காற்று அவர் மேல் படாது. சென்னையில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தப் பனிக்கட்டி யார் டம்ளரில் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

19ஆம் நூற்றாண்டில் நம் ஊருக்குப் பஞ்சாலைகள் வந்தன. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் ஈரப்பதம் வேண்டும். வெளியே வெயில், உள்ளே இயந்திரச் சூடும் புழுக்கமும் பஞ்சுத் தூசியும். அந்தக் கொட்டகைக்குள் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்பது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடிய தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று சுட்டார்கள். 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. வ. சுப்பையா தலைமை தாங்கிய அந்தப் போராட்டத்தை நாம் கூலிப் போராட்டமாக மட்டும் படிக்கிறோம். வெந்துகொண்டிருந்த உடம்புக்கு ஓய்வு கேட்ட போராட்டம் என்றும் அதை நான் படிக்கிறேன்.

தண்ணீர் தந்த ஆயி

பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தை எல்லோரும் படம் எடுத்திருப்பீர்கள். அதன் கதையும் வெயில் கதைதான். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்குகள் எரிந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். ஆயி, 'நானே இடிக்கிறேன்' என்று கேட்டு வாங்கி, வீட்டை இடித்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம். இது செவிவழிக் கதை. முத்திரையர்பாளையத்தில் ஆயி குளம் இருக்கிறது.

வரலாறு என்ன சொல்கிறது? மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852 முதல் 1870) நகரத்தில் நல்ல குடிநீர் இல்லை. லமைரேஸ் என்ற பொறியாளர், சில கிலோமீட்டர் தள்ளியிருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். ஆயியின் கதையைக் கேள்விப்பட்டு அவள் நினைவாக மண்டபம் எழுப்பச் சொன்னார்கள் என்பது வழக்கு. கவர்னர்கள் பெயரில் தெருக்கள் பல இருக்கலாம். நகரத்தின் நட்ட நடுவில் நிற்பது, தன் வீட்டை இடித்துத் தண்ணீர் தந்ததாகச் சொல்லப்படும் ஒரு தாசியின் பெயர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது கூடவே கொஞ்சம் கூச்சமும். அவள் வீட்டை இடித்து ஊருக்குக் குளம் தந்தாள். நாங்கள் ஊர் உட்கார்ந்த திண்ணையை இடித்து வீட்டுக்கு ஓர் அறை சேர்த்தோம்.

கான்கிரீட்டிலும் முடியும்

பழையதுதான் நல்லது, கான்கிரீட் வந்ததால் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது சரியில்லை என்பதற்குச் சாட்சியும் நம் ஊரிலேயே நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. அவர் உதவியாளராக வந்து தங்கி வேலையைக் கவனித்த ஜார்ஜ் நகாஷிமா, பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராகப் பெரும்புகழ் பெற்றார். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக நிதி வந்ததால் கோல்கொண்டா என்று பெயர். 1930களின் நடுவில் திட்டமிட்டு, 1937இல் வேலை தொடங்கி, போர்க்காலத்திலும் தொடர்ந்து கட்டி முடித்தார்கள். இந்தியாவின் தொடக்ககால நவீன கான்கிரீட் கட்டடங்களில் முக்கியமானது.

அதன் வடக்கு, தெற்கு முகங்களில் சுவரே இல்லை. திருப்பித் திருப்பி வைத்துக்கொள்ளும் கிடைப் பட்டைகள் மட்டும். வெயில் வந்தால் சாய்க்கலாம், காற்று வந்தால் திறக்கலாம். கூரைத் தளத்துக்கு மேலே வளைவான கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி. அறைக் கதவுகள் காற்று புகும்படி இடைவெளி விட்ட தேக்குச் சறுக்குக் கதவுகள். இரண்டு பக்கமும் தோட்டம். பட்டைகள் அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. அதன் தூசி கெடுதல் என்று உலகம் பிறகுதான் தெரிந்துகொண்டது. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் தாழ்வாரமும் முற்றமும் செய்த அதே இரண்டு வேலையைப் புதுப் பொருளில் செய்திருக்கிறார்கள். ஏ.சி. இல்லாமல். ஆக, பொருளைக் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. யோசிக்காமல் கட்டியது நாம்.

எங்கள் வீடு

இனி எங்கள் வீட்டுக் கதை. தாத்தா காலத்து நோத்தேர் பத்திரத்தில் இருந்த வீடு. அப்பா காலமான பின் அண்ணன், தம்பி, நான் என மூன்று பேர். உத்திரம் ஒன்று உளுத்திருந்தது. மழைக்காலத்தில் முற்றத்துச் சாரல் கூடம் வரை அடிக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரி கொல்லைக்கோடிக் கழிப்பறைக்குப் போக முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை. வந்த ஒருவரும், "இதுக்கு ஆவுற செலவுல புதுசாவே கட்டிறலாம்மா" என்றார். 1992இல் இடித்தோம். அண்ணன், "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டபோது, "இடிச்சிடலாம் அண்ணா, அம்மாவுக்கு வசதியா இருக்கும்" என்றேன். அன்றைக்கு அது சரியாகவே பட்டது. அம்மாவுக்கு வசதியாகவும் இருந்தது. ஆகவே இன்று பழைய வீட்டை இடிப்பவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பங்காளிகள் பல பேர், செலவு பெரிது, வேலை தெரிந்த ஆள் சிலர். இவை உண்மையான கஷ்டங்கள்.

ஆனால் திண்ணையை விட்டுவைத்திருக்கலாம். உளுத்தது உத்திரம்தானே! திண்ணை ஒன்றும் உளுக்கவில்லை. ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்று தெரு வரை சுவரை இழுத்தோம். ஐந்தாறு வருடத்தில் தெருவே அப்படி ஆகிவிட்டது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்தபோது ஊரில் எத்தனை மரங்கள் விழுந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருமுனை வேம்பும் அன்றுதான் போனது. திண்ணையும் இல்லை, மரமும் இல்லை. பிறகு வீட்டுக்கு வீடு ஏ.சி. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் ரத்த அழுத்தத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அதன் வெளிப்பெட்டி சந்தைப் பார்த்துச் சூட்டைத் தள்ளுகிறது. சந்துக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை வீட்டில், துணி தேய்த்துக் கொடுக்கும் குடும்பம் இருக்கிறது. அவர்கள் ஜன்னலுக்கு நேரே எங்கள் பெட்டி. பங்காக் கயிறு இழுத்தவரைப் பற்றி மேலே எழுதும்போது எனக்குக் கை நின்றது இதனால்தான்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வகுப்பறை இருந்தது. மார்ச் மாதத்தில் இரண்டு மணிக்கு மேல் பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்துவிடும். 'சோம்பேறிகள்' என்று நானே திட்டியிருக்கிறேன். ஒருநாள் அவர்களை அழைத்துப் போய்ப் புங்கை மரத்தடியில் பாடம் நடத்தினேன். அதே பிள்ளைகள் அப்படிக் கேள்வி கேட்டார்கள்! குறை பிள்ளைகளிடம் இல்லை, கூரையில் இருந்தது.

நம்மால் என்ன முடியும் என்று கேட்பீர்கள். எல்லோராலும் முற்றம் வைத்துக் கட்ட முடியாது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம், வெள்ளை ஓடு பதிக்கலாம். நாங்கள் அடித்தோம், மாடியில் வெறுங்காலோடு நடக்க முடிகிறது, ராத்திரி அறைக்குள் புழுக்கமும் குறைந்திருக்கிறது. மேற்குச் சுவருக்கு ஒரு பந்தல் போடலாம். ஏ.சி. பெட்டியை அடுத்தவர் ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் மாடிக்கு ஏற்றலாம். எங்களுடையதை மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் வருகிறார். புதிதாகக் கட்டுகிற பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே, உங்கள் இடத்திலேயே, இரண்டடி அகலத்துக்கு ஒரு மேடையும் அதன் மேல் ஒரு சாய்ப்பும் விடுங்கள். இடம் இரண்டடிதான்.

எங்கள் வீட்டில் அதற்கு இப்போது இடமில்லை. கார் சரிவை ஒட்டிக் கொஞ்சம் மூலை இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொல்லி இரண்டு கருங்கல் பலகை போட்டு, மேலே ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கி, பக்கத்தில் மண்பானையில் தண்ணீர் வைத்திருக்கிறேன். "கார் திருப்ப இடிக்கும்மா" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்து கொடுத்தான். முதல் நாள் யாரும் உட்காரவில்லை. கேட்க வேண்டுமோ என்று நினைத்தார்களோ என்னவோ. இரண்டாம் நாள் மதியம் பார்சல் கொண்டுவந்த ஒரு தம்பி, "உட்காரலாமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஒசரமா போட்டிருக்கலாம், எழுந்திருக்க முட்டி வலிக்குது" என்றார். உயர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் பழைய திண்ணை இன்னும் மிச்சம் இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். யார் யார் அதில் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்